'டேக்' என்னும் ஒரு சொல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, 'கல்வியின் சிறப்பு' என்னும் பொருள்பற்றிப் பேசலாமே என்று கூறினார்கள். கல்வியின் சிறப்பை இந்த அவைக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை என்று நான் கருதினேன். பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு, அந்தக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து மாலை வகுப்புகளை நடத்தியவர்கள் நீங்கள். அதன் சிறப்பை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டுமேயன்றி, நான் உங்களுக்குச் சொல்வது முறையாகாது. ஆதலின் கல்வியைப் புகழ்வதை விடுத்து, ஒரு பாடத்தை நடத்திவிட்டுப் போகிறேன் என்று அனுமதி கேட்டேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்த கைக்கு அதுவே பழக்கம்.

இன்றைய பாடம் ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல்லாகிய 'டேக்' என்பதே அது. இதற்குப் பொருள் தெரியாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இரார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் 'டேக் என்றால் எடு' என்று உடனே விடை கூறும். அந்த விடை பிழையன்று. ஆயினும் அந்த ஒரு விடையோடு நின்றுவிடுவதே நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவதற்கு முதற்காரணம் என்பது என் துணிபு. அதனை விளக்கவே இங்கு வந்திருக்கிறேன்.

'தி மீட்டிங் டுக் ப்ளேஸ் இன் தி ஹால்' என்னும் வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னால், 'கூட்டம் மண்டபத்தில் இடத்தை எடுத்தது' என்று எழுதும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். 'மீட்டிங்' என்றால் கூட்டம், 'டுக்' என்றால் எடுத்தது, 'ப்ளேஸ்' என்றால் இடம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்குப் பொருள் தெரிந்திருக்கிறது. வாக்கியம் மட்டும் விளங்கவில்லை. 'கூட்டம் மண்டபத்தில் நடைபெற்றது' என்பதே அதன் கருத்து. அப்பிள்ளையை மந்தமானவன் என்று சொல்லாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொன்ன முறைதான் அவனைக் கைவிட்டுவிட்டது.

தேர்வுத்தாளில் நேர்ந்தால் இரண்டு மதிப்பெண் போகும். வாழ்க்கையில் நேர்ந்தால் அதனினும் மிகுதியாகப் போகும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்ற என் பழைய மாணவர் ஒருவரிடம், அதிகாரி கேள்வியைக் கேட்டுவிட்டு, 'டேக் யுவர் டைம்' என்றாராம். 'அவசரமில்லை, நிதானமாக எண்ணிச் சொல்லுங்கள்' என்பது அதன் பொருள். பரிவோடு சொல்லப்பட்ட சொல் அது. நம் இளைஞரோ, 'உமக்குரிய நேரம் எடுத்தாகிவிட்டது' என்று கருதிக்கொண்டு, தெரிந்த விடையையும் தட்டுத்தடுமாறிப் பாதியில் முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பாடம் அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று சிறு சொற்கள் அவர் வாயை அடைத்துவிட்டன.

வீட்டில் ஆங்கில நாளிதழும், ஆங்கிலம் பேசும் தாய் தந்தையரும் உள்ள பிள்ளை இச்சொற்களைக் காற்றோடு சேர்த்துச் சுவாசித்து வளர்கிறது. நம் வீடுகள் பலவற்றில் அவ்வாய்ப்பு இல்லை. அங்கே தானாக வருவதை நாம் இங்கே முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. முறையாகக் கற்றது நிலைத்தும் நிற்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தை அன்று. நம் 'எடு' என்னும் சொல்லையே பாருங்கள். புத்தகத்தை எடுக்கிறோம். பசி எடுக்கிறது. குழந்தை வாந்தி எடுக்கிறது. ஊர் கூடி விழா எடுக்கிறது. அலுவலர் விடுப்பு எடுக்கிறார். பயந்தவன் ஓட்டம் எடுக்கிறான். பாம்பு படம் எடுக்கிறது. சினிமாக்காரரும் படம் எடுக்கிறார். பாம்பு எடுக்கும் படத்தையும் சினிமாக்காரர் எடுக்கும் படத்தையும் குழப்பிக்கொண்ட தமிழ்ப் பிள்ளை உண்டா? இல்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து அது பொருளை அறிந்துகொள்கிறது. 'பிடி' என்பதும் அப்படியே. மீன் பிடிக்கிறோம், பேருந்தைப் பிடிக்கிறோம், சளி நம்மைப் பிடிக்கிறது, ஒரு பாட்டு நமக்குப் பிடிக்கிறது, அடம் பிடிக்கும் குழந்தையை அணைத்துப் பிடிக்கிறோம். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் 'பிடி' என்பதற்கு ஒரே பொருளை எழுதி வைத்துக்கொண்டால் அவர் படும் பாடு என்னவாகும்? அவர் படக்கூடிய அந்தப் பாட்டைத்தான் நாம் 'டேக்' என்னும் சொல்லிடம் படுகிறோம்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இல்லாத ஒரு திறனை நான் கேட்கவில்லை. தாய்மொழியில் நாள்தோறும் நீங்கள் கையாளும் திறனை ஆங்கிலத்திற்கும் கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறேன். சொல்லை அதன் துணையோடு சேர்த்துக் கற்க வேண்டும். இதுவே இன்றைய பாடத்தின் உயிர்.

இனிச் சொல்லுக்குள் நுழைவோம். இதன் வடிவங்கள் மூன்று: டேக், டுக், டேக்கன். இறந்த காலத்திற்கு 'டேக்டு' என்று சொல்லுதல் கூடாது. 'ஹேவ்' என்பதற்குப் பின்னால் 'டேக்கன்' வரும், 'டுக்' வராது. இவ்வளவு போதும். இதன் பொருள்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கையால் எடுப்பதும் கொண்டுபோவதும். 'டேக் தி புக்' என்றால் புத்தகத்தை எடு. 'டேக் தி புக் டு தி ஆபீஸ்' என்றால் அலுவலகத்திற்குக் கொண்டுபோ. இதற்கு எதிர்ச்சொல் 'ப்ரிங்'. அது கொண்டுவா என்னும் பொருளது. பேசுபவரை நோக்கி வந்தால் 'ப்ரிங்', அவரை விட்டு அகன்றால் 'டேக்'. தமிழில் பொருளைக் கொண்டுபோகிறோம், மனிதரை அழைத்துச் செல்கிறோம், நோயாளியைத் தூக்கிச் செல்கிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'டேக்' ஒன்றே போதும். 'டேக் யுவர் மதர் டு தி ஹாஸ்பிட்டல்' என்றால் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல் என்பது பொருள்.

இரண்டாவது, காலமும் உழைப்பும் செலவாதல். 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்றால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இங்கே தமிழும் 'பிடி' என்னும் சொல்லையே ஆள்வதைக் கவனியுங்கள். இரு மொழிகளும் ஒரே எண்ணத்தைக் கொண்டிருக்கின்றன. 'இட் டேக்ஸ் கரேஜ்' என்றால் அதற்குத் துணிவு வேண்டும். இவ்வாக்கியங்களின் தலைப்பில் நிற்கும் 'இட்' என்பதை 'அது' என்று மொழிபெயர்க்க முயல வேண்டா; அது வெறும் தாங்குகோல்.

மூன்றாவது, ஒரு பெயர்ச்சொல்லோடு கூடி ஒரே வினையாதல். இதுவே மிகப் பெரிய தொகுதி. 'டேக் எ சீட்' என்றால் அமருங்கள். 'டேக் ரெஸ்ட்' என்றால் ஓய்வு கொள். 'டேக் மெடிசின்' என்றால் மருந்து உட்கொள். 'டேக் நோட்ஸ்' என்றால் குறிப்பு எழுதிக்கொள். 'டேக் பார்ட்' என்றால் பங்கு கொள். 'டேக் கேர்' என்றால் கவனமாக இரு. 'டேக் அன் எக்ஸாமினேஷன்' என்றால் தேர்வு எழுது. இதனைச் செய்பவர் மாணவர், ஆசிரியர் அல்லர். மேற்கண்டவற்றில் பொருளின் பாரத்தைச் சுமப்பது பின்னால் வரும் பெயர்ச்சொல். 'டேக்' அதற்கு வண்டிமாடு போல இழுத்துச் செல்லும் வேலையைத்தான் செய்கிறது. பல இடங்களில் நம் 'கொள்' என்பது இதற்கு நேராக வந்து நிற்பதையும் காண்கிறீர்கள்.

இத்தொகுதியில் நம் இளைஞர்கள் கருத்தூன்ற வேண்டியது அலுவலக வழக்கு. அரசுப் பணிக்குச் செல்வோர் நாள்தோறும் இவற்றைக் காண்பர். மனு எழுதும் பொதுமக்களும் காண்பர். 'டேக் சார்ஜ்' என்றால் பொறுப்பேற்றல். 'டேக் எஃபெக்ட்' என்றால் நடைமுறைக்கு வருதல். ஓர் ஆணையில் இச்சொல்லோடு குறிக்கப்பட்டிருக்கும் நாளே அவ்வாணை உயிர்பெறும் நாள். 'டேக் லீவ்' என்றால் விடுப்பு எடுத்தல். 'டேக் லீவ் ஆஃப்' ஒருவரை என்று வந்தால் அவரிடம் விடைபெறுதல். 'டேக் எக்செப்ஷன்' என்பது மிகவும் வழுக்கும் இடம். விதிவிலக்குப் பெற்றார் என்று எண்ணத் தோன்றும். ஆட்சேபணை தெரிவித்தார் என்பதே பொருள். ஓர் அதிகாரி உங்கள் விண்ணப்பத்திற்கு 'டுக் எக்செப்ஷன்' என்று கோப்பில் எழுதியிருந்தால், சலுகை கிடைத்தது என்று மகிழ்ந்துவிடாதீர்கள்!

இன்னொரு தொடரை எல்லோரும் அறிவீர்கள். 'நெசசரி ஆக்‌ஷன் வில் பி டேக்கன்.' இதைத் தமிழில் 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதுகிறார்கள். இலக்கணத்தில் இதனைச் செயப்பாட்டுவினை என்போம். செய்பவன் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பது இவ்வினையின் இயல்பு. யார் எடுப்பார்? எப்போது எடுப்பார்? என்ன எடுப்பார்? மூன்றுக்கும் அத்தொடரில் விடை இல்லை. சுடுகாட்டுப் பாதைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனுக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு வரியைப் பதிலாகப் பெற்று, அதனைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் காத்திருந்த நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர்! இலக்கணம் கற்றவன் அவ்வரியில் செய்பவன் பெயர் இல்லாததைக் கண்டுபிடிப்பான். 'எந்த அலுவலர், எந்த நாளுக்குள்?' என்று இரண்டாவது மனுவை எழுதுவான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தன் மனுமீது என்ன செய்யப்பட்டது என்று அவன் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி. 'ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்' என்று ஒன்று அலுவலகங்களில் உண்டு. மேற்கொண்ட நடவடிக்கை பற்றிய அறிக்கை அது. 'எடுக்கப்படும்' என்பதை 'எடுக்கப்பட்டது' என்று ஆக்கும் வரையில் விடாது கேட்பவனுக்கு இலக்கணம் ஒரு கருவி. வகுப்பறையில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று நாங்கள் உருப்போடச் செய்வது பதினைந்து மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று என்பதை இனியேனும் நம்புங்கள்.

நான்காவது, சிறு சொற்களோடு சேர்ந்து பொருள் மாறுதல். 'ஆஃப்', 'அப்', 'இன்', 'ஆன்', 'ஓவர்' முதலிய இடைச்சொற்கள் பின்னால் வந்தவுடன் 'டேக்' வேறு ஆளாகிவிடுகிறது. 'டேக் ஆஃப்' என்றால் சட்டையைக் கழற்றுதல்; விமானத்திற்குச் சொன்னால் தரையை விட்டு மேலெழுதல். 'டேக் அப்' என்றால் ஒரு பணியை மேற்கொள்ளுதல். 'டேக் ஓவர்' என்றால் பிறரிடமிருந்து பொறுப்பைத் தன் கையில் ஏற்றல். 'டேக் டவுன்' என்றால் மேலே உள்ளதை இறக்குதல். ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுதலும் ஆகும். 'டேக் பேக்' என்றால் சொன்னதைத் திரும்பப் பெறுதல். 'டேக் ஆஃப்டர்' என்றால் பெற்றோரை உரித்து வைத்தாற்போல் இருத்தல். 'டேக் இன்' என்றால் உள்ளே ஏற்றுக்கொள்ளுதல். ஏமாற்றுதல் என்றும் பொருள்படும். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிப்பவன் செய்வது இந்த இரண்டாவது 'டேக் இன்'.

இவற்றையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது என்று மலைக்க வேண்டா. தமிழில் இந்த வேலையை இரண்டாவது வினை செய்கிறது. எடுத்துவை, எடுத்துக்கொள், எடுத்துச்சொல், எடுத்துக்காட்டு, எடுத்தெறி. ஐந்திலும் 'எடு' இருக்கிறது. ஐந்தும் ஐந்து செயல்கள். 'எடுத்துக்காட்டு' என்பதில் கையால் எதையும் எடுப்பதில்லை. நமக்கு இரண்டாம் வினை எப்படியோ, ஆங்கிலேயருக்கு அச்சிறு இடைச்சொல் அப்படி. இந்த ஒப்புமையை மனத்தில் இருத்திவிட்டால் பாதி அச்சம் நீங்கும்.

ஐந்தாவது, உள்ளத்தால் கொள்ளுதல். 'டேக் இட் ஈஸி' என்றால் இதனைப் பெரிதாகக் கொள்ளாதே. 'ஐ டேக் இட் தட்' என்று தொடங்கினால், 'இவ்வாறு நான் பொருள் கொள்கிறேன்' என்பது கருத்து. 'ஹி குட் நாட் டேக் தி இன்சல்ட்' என்றால் அவமதிப்பை அவனால் பொறுக்க இயலவில்லை. 'டேக் ஃபார் கிரான்டெட்' என்று ஒரு தொடர் உண்டு. ஒருவரைக் கேட்க வேண்டியதே இல்லை, அவர் எப்போதும் இணங்கிவிடுவார் என்று தாமே முடிவு செய்துகொள்வதை அது குறிக்கும். ஊர்ப் பொதுவேலை என்றவுடன் கேளாமலே சில வீட்டுக் கதவுகளை மட்டும் தட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு இத்தொடரை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை நேரம் செலவிடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். சி.கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930ஆம் ஆண்டில் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய ஆங்கிலத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் உள்ள சொற்கள் மொத்தம் 850. அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. ஆயிரக்கணக்கான வினைச்சொற்களை ஒதுக்கிவிட்டு அவர் வைத்துக்கொண்ட பதினெட்டில் 'டேக்' ஒன்று. 'கெட்', 'கிவ்', 'மேக்', 'புட்', 'கீப்', 'கோ', 'கம்' ஆகியவையும் அவற்றுள் அடங்கும். அத்திட்டத்தைக் குறை கூறியவர்கள் உண்டு. எனினும் சிறு வினைகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது உலகிற்குக் காட்டியது. நம் இளைஞர்கள் சிலர் நீண்ட, கடினமான ஆங்கிலச் சொற்களைத் தேடி எழுதினால்தான் மதிப்பு என்று எண்ணுகிறார்கள். பெரிய சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் ஒன்றுதான். அகராதியைப் புரட்டினால் கிடைத்துவிடும். பல பொருள் தாங்கி நம்மைச் சோதிப்பவை இச்சிறு வினைகளே. இவற்றை ஆண்டவன் ஆங்கிலத்தை ஆண்டவன்.

இனி இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு செய்தி. இங்குள்ள இளைஞர்கள் இதனைச் சிறப்பாகக் கேட்க வேண்டும். 'டேக்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று! பழைய ஆங்கிலத்தில் 'எடு' என்னும் பொருளுக்கு 'நிமன்' என்றொரு சொல் இருந்தது. ஜெர்மானிய மொழியில் இன்றும் வழங்கும் 'நேமன்' அதன் உறவு. கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கியது முதல், டென்மார்க், நார்வே நாட்டவர்களான வைக்கிங்குகள் அந்நாட்டிற்கு வரத் தொடங்கினார்கள். கொள்ளையிட வந்தவர்களுள் பலர் பின்னர் அங்கேயே குடியமர்ந்து உழுது பயிரிட்டனர். அவர்கள் நார்ஸ் மொழியில் 'எடு' என்பதற்கு 'டாகா' என்பது சொல். அண்டை வீட்டாராய் வாழ்ந்த இருசாராரின் பேச்சும் கலந்தது. நாளடைவில் 'நிமன்' வழக்கொழிந்து, 'டாகா' என்பது 'டேக்' ஆகி அரியணை ஏறிவிட்டது. பழஞ்சொல்லின் எச்சம் இரண்டு சொற்களில் மட்டும் ஒளிந்திருக்கிறது. உணர்ச்சி எடுக்கப்பட்டு மரத்துப்போனதை 'நம்' என்கிறார்கள். சுறுசுறுப்பானவனை 'நிம்பிள்' என்கிறார்கள். 'கெட்' என்னும் வினையும், 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்னும் சொல்லும்கூட அந்த நார்ஸ் மொழியிலிருந்து வந்தவையே.

எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயன் காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரை ஓயாது வழங்கும் ஒரு வினை, வெளியிலிருந்து வந்து குடியேறிய உழவர் வாய்ச்சொல். அது வந்த வழியை இன்று எவரும் கேட்பதில்லை. எடுத்து ஆண்டார்கள், அவர்களுடையதாயிற்று. ஒரு மொழி குறிப்பிட்ட குடும்பத்தாரின் பாட்டன் சொத்து அன்று. பயில்வோர் அனைவரின் உடைமை. 'ஆங்கிலம் நமக்கு வராது' என்று நம் பிள்ளைகளிடம் எவரேனும் சொன்னால், 'ஆங்கிலத்திற்கே அதன் டேக் வெளியிலிருந்துதான் வந்தது' என்று விடை கூறுங்கள்.

இறுதியாக, எடுத்தலுக்கும் பெறுதலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி முடிக்கிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பற்றிய விதி உண்டு. கேட்போன் தாழ்ந்தவனாயின் 'ஈ' என்பான். ஒத்தவனாயின் 'தா' என்பான். உயர்ந்தவனாயின் 'கொடு' என்பான். பிறரிடம் ஒன்றைக் கேட்கும்போது வாயைத் திறந்தவுடனே கேட்பவனின் படிநிலை வெளிப்பட்டுவிடும் என்பது அவ்விலக்கணம் காட்டும் சமுதாயத்தின் நிலை. கேட்டுப் பெறுவதென்றால் கொடுப்பவன் ஒருவன் எதிரே நிற்க வேண்டும்; அவன் மனம் இரங்கவும் வேண்டும். எடுத்துக்கொள்ளுதலில் அந்நிலை இல்லை. தனக்குரியதை எடுத்துக்கொள்பவனுக்குக் கொடுப்பவன் தேவையில்லை. பிறர்க்குரியதை எடுத்தால் அது கொள்ளை. தனக்குரியதை எடுத்தால் அது உரிமை.

பொதுத் தெருவையும் பொதுக் கிணற்றையும் எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைத் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பம்பாய் மாகாணத்தில் அதுபோன்ற தீர்மானம் 1923இல் நிறைவேறியது. அதனையொட்டி மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக 1924இல் முடிவு செய்தது. ஏட்டில் அனுமதி இருந்தது. குளத்தில் கைவைக்க இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்மேல் எழுந்த வழக்கு 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் மக்களுக்குச் சார்பாக முடிந்தது. கொடுக்கப்பட்டது என்பதற்கும் எடுத்துக்கொண்டோம் என்பதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அந்தக் குளக்கரை நமக்குக் கற்பிக்கிறது.

அண்ணல் அவர்கள் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. பட்டமும், இலண்டனில் 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார் என்று நாம் தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதனை 'ஹி டுக் ஹிஸ் டிகிரி' என்றும் சொல்வது வழக்கு. பட்டத்தை எடுத்துக்கொண்டார்! அவர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த 'டுக்' எவ்வளவு பொருத்தமான சொல் என்பது விளங்கும்.

இனி, செய்ய வேண்டியவை. மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தனிக் குறிப்பேடு வையுங்கள். அதில் சொல்லுக்கு எதிரே பொருள் என்று எழுதாதீர்கள்; சொல்லைத் துணைச்சொல்லோடு சேர்த்து, உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'இட் டேக்ஸ் ஃபார்ட்டி மினிட்ஸ் டு வாக் டு மை ஸ்கூல்' என்று நீங்களே நடந்த வழியைக் கொண்டு எழுதிய வாக்கியம் மறக்காது. வாரம் ஒரு வினையாக எடுத்துக்கொண்டால் ஓராண்டில் ஐம்பது வினைகள் உங்கள் வசமாகும். மூத்த மாணவர்கள் ஞாயிறுதோறும் ஒரு வினையை இளையவர்களுக்குக் கற்பியுங்கள். கற்பிக்கும்போதுதான் கற்றது உறுதிப்படும்.

சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு மாலை வகுப்பிலும் கற்போர்க்கான ஆங்கில அகராதி ஒன்றையேனும் வையுங்கள். அத்தகைய அகராதிகளுள் புகழ்பெற்றதைத் தொகுத்த ஏ.எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். தாய்மொழி ஆங்கிலமல்லாத மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் கண்டு, தம் துணைவர்களோடு அவர் அமைத்த அந்நூல் 1942இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்தது. 1948 முதல் ஆக்ஸ்போர்டு பதிப்பாயிற்று. ஆங்கிலச் சொல்லை எந்தத் துணையோடு, எந்த வாக்கிய அமைப்பில் ஆள வேண்டும் என்பதை அது காட்டும். ஆகவே நம்மைப் போன்றவர்களை எண்ணியே செய்யப்பட்ட நூல் அது. அதனை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டா. பிள்ளைகள் கை பட்டு ஏடு கிழியட்டும். கிழிந்தால் வேறொன்று வாங்குவோம்.

இளைஞர்களே! இந்தச் சங்கம் 25 ஆண்டுகளாக உங்களுக்கென ஒரு விளக்கை ஏற்றி வைத்திருக்கிறது. அடுத்த 25 ஆண்டுகள் அதனைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு உங்களுடையது. பொறுப்பை ஒருவர் கொடுப்பார் என்று காத்திராதீர்கள். 'டேக் சார்ஜ்' என்று இன்று கற்றீர்கள் அல்லவா? அதற்கு வாக்கியம் எழுத வேண்டிய இடம் இந்தச் சங்கந்தான்.